மங்களூரில் வாழ்ந்த யூதப் புலவர்

பெங்களூர் மைசூர்ச் சாலை வழியாக நாள்தோறும் பேருந்தில் போய்வருவோர் நம் சங்கத்து அன்பர்களுள் பலர் இருப்பர். அச்சாலையோரம் கல்லறைத் தோட்டங்கள் சில உள்ளன. அவற்றுள் சிறியதொன்று யூதர்களுக்கு உரியது. 1904 ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் வழங்கிய நிலம் அது என்பர். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நாம், பணி முடிந்து 12 ஆண்டுகளாக அவ்வழியே வீடு திரும்புகிறோம். ஆயினும் அத்தோட்டத்தைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை. அங்கே உறங்குவோர் யாரோ, நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

ஒரு நாள் மாலை, உடன் பணியாற்றும் மங்களூர் நண்பர் ஒருவர் பேருந்தில் நம் பக்கத்தில் அமர்ந்திருந்தார். வண்டி நெரிசலில் நின்றபோது அத்தோட்டத்தைக் காட்டி, “இவர்களை நேற்று வந்தவர்கள் என்று எண்ணாதீர்கள். எங்கள் ஊரில் 900 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு யூதர் குடியிருந்தார். மிளகு வியாபாரம் செய்தார். கவிதையும் எழுதினார்” என்றார். நாம் நம்பவில்லை. மறுநாள் அவர் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வங்கத்து எழுத்தாளர் அமிதவ் கோஷ் 1992 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அது. நாம் பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்தியவர். அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்நூலைப் படித்து முடிக்க ஐந்து மாதங்கள் ஆயின. பின்னர் அது பற்றி அறிஞர் எழுதிய வேறு சிலவற்றையும் தேடிப் படித்தோம். அவ்வாறு அறிந்ததையும், அதனால் நம் வீட்டில் நிகழ்ந்ததையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அந்த யூதரின் பெயர் ஆபிரகாம் பென் யிஜு. ஆப்பிரிக்காவின் வடகரையில், இன்றைய துனிசியா நாட்டில் உள்ள மஹ்தியா என்னும் துறைமுகப் பட்டினம் அவர் பிறந்த ஊர். பிழைப்பைத் தேடி எகிப்துக்கு வந்து, அங்கிருந்து ஏடன் துறையை அடைந்து, அங்கு மத்மூன் பின் ஹசன் என்னும் பெருவணிகரின் ஆதரவைப் பெற்று, அரபிக் கடலைக் கடந்து மங்களூருக்கு வந்து சேர்ந்தார். அது ஆளுப மன்னர்களின் காலம். இடையில் சில காலம் ஏடனுக்குச் சென்று தங்கியது நீங்கலாக, 1132 முதல் 1149 வரை சுமார் 17 ஆண்டுகள் அவருடைய வாழ்வு மங்களூரிலும் மலையாளக் கரைத் துறைகளிலும் கழிந்தது.

அவர் அங்கே ஒரு பித்தளைப் பட்டறை நடத்தினார். ஏடனிலிருந்து செம்பும் ஈயமும், உடைந்த பழம் பாத்திரங்களும் கப்பலேறி வரும். மங்களூர்க் கன்னார்கள் அவற்றை உருக்கி விளக்கும் தட்டும் கிண்ணமுமாகச் செய்து கொடுப்பர். அவை மீண்டும் கப்பலேறி ஏடனுக்குப் போகும். அவற்றோடு மிளகும் ஏலக்காயும் பாக்கும் இரும்பும் போகும். அவருக்காகக் கடல் கடந்து சென்று பொருளை ஒப்படைத்துப் பணம் வாங்கி வந்தவன் ஓர் உள்ளூர் அடிமை. அவன் பெயரைப் பொம்மா என்று அமிதவ் கோஷ் படித்திருக்கிறார். அக்காலத்து அடிமை என்பவன் முதலாளியின் நம்பிக்கைக்குரிய காரியக்காரனாகவும் இருந்தான். ஏடன் வணிகர்கள் பென் யிஜுவுக்கு எழுதிய கடிதங்களில் பொம்மாவையும் மறவாமல் நலம் விசாரித்திருக்கின்றனர்.

1132 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆம் நாள் மங்களூரில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. ஆஷு என்னும் அடிமைப் பெண்ணைப் பென் யிஜு அதன் மூலம் விடுவித்தார். அவளுக்குப் பெராகா என்று புதுப் பெயரும் இட்டார். எபிரேய மொழியில் அதற்கு ‘ஆசி’ என்று பொருள். அவளையே அவர் மணந்துகொண்டார் என்பது அறிஞர் கருத்து. சுரூர் என்னும் மகனும் சித்தல்தார் என்னும் மகளும் அவருக்கு வாய்த்தனர். அவருடைய கணக்கேட்டில் நாயர் என்று ஒரு மைத்துனரும் வருகிறார்.

பார்சல் அலுவலகத்தில் அமர்ந்து சரக்கு வருவதையும் போவதையும் குறிப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு, இந்த வணிகர்களின் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது ஒரு விந்தையான நெருக்கம் தோன்றிற்று. இன்ன சரக்கு, இத்தனை மூட்டை, இன்ன எடை, இன்ன கப்பல், இன்னார் கையில் ஒப்படைப்பு என்று ஒவ்வொன்றும் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. சரக்கு வராது போனால் அதற்கும் விளக்கம் உண்டு. மேல் கடற்கரையிலிருந்து புறப்பட்ட இரு கப்பல்களுள், கொல்லத்தின் பெயர் கொண்டது கரை சேர்ந்தது. மற்றது பாபல்மந்தப் நீரிணைப் பக்கம் மூழ்கிற்று. அதிலிருந்த மிளகு முழுதும் பாழ். ஆனால் மூழ்குவோரை அனுப்பி, கடலடியிலிருந்து இரும்பில் பாதியை மீட்டு, அதற்கும் கணக்கு எழுதி அனுப்பினர் ஏடன் வணிகர். ‘சரக்கு சேதம், பகுதி மீட்பு’ என்று நாமும் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். எழுத்தர் குலம் பழையதுதான்!

ஆயினும் பென் யிஜு வெறும் கணக்கர் அல்லர். அவர் தம் மறைநூல்களைக் கற்றவர். யூதர்கள் தம் மறையாசான்களை ‘ரபி’ என்று அழைப்பர். சமயச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் விடை கூறக்கூடிய கல்வி பென் யிஜுவுக்கு இருந்தது. அழகிய கையெழுத்தும் இருந்தது. அத்துடன் எபிரேயத்தில் செய்யுள் இயற்றும் ஆற்றலும் இருந்தது. தம்மை ஆதரித்த மத்மூனைப் புகழ்ந்து பாடினார். 1151 ஆம் ஆண்டில் மத்மூன் மறைந்தபோது கையறுநிலையும் பாடினார்.

அவர் எழுதிய தாளைப் பற்றி ஒரு சொல். அக்காலத்தில் நம் நாட்டில் எழுதுபொருள் பனையோலையே. தாள் அரிது. ஏடன் நண்பர்கள் சர்க்கரையும் திராட்சையும் அனுப்பும்போது, தாளையும் பரிசாக அனுப்பிவைத்தனர். அதனால் பென் யிஜு ஒரு துண்டையும் வீணாக்கவில்லை. வந்த கடிதத்தின் பின்புறத்திலும், ஓரத்தில் எஞ்சிய வெற்றிடத்திலும் தம் கணக்கையும் கவிதையையும் எழுதினார். முன்பக்கம் மிளகு விலை, பின்பக்கம் பாட்டு.

அக்காலத்து யூதப் புலவர்களின் பாட்டு எத்தகையது என்பதை நம்மவர்க்கு விளக்குவது எளிது. ‘பியூட்’ எனப்படும் பாடல்களை அவர்கள் ஜெப ஆலயத்து வழிபாட்டில் பாடுவதற்கென்றே இயற்றினர். நம் கோயில்களில் ஓதுவார்கள் தேவாரம் ஓதுவது போன்றது அது. திருஞானசம்பந்தர் தம் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரைச் சொல்லி முடிப்பதை நாம் அனைவரும் அறிவோம். யூதப் புலவர்கள் பலர் தம் பெயரின் எழுத்துகளை அடிகளின் முதலெழுத்துகளாக ஒவ்வொன்றாக அமைத்துப் பாடலுக்குள் மறைத்து வைத்தனர். பாடுவோர் நாவில் பாடியவர் பெயரும் தொடர்ந்து வாழவேண்டும் என்பதே இரு மரபிலும் உள்ள ஆசை போலும்.

பென் யிஜு மங்களூரில் இருந்த அதே ஆண்டுகளில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அதே காலத்தில் ஸ்பெயின் நாட்டில் யூதர்களின் பெரும் புலவர் யெகூதா ஹலேவி எபிரேயத்தில் பாடிக்கொண்டிருந்தார். மருத்துவத் தொழில் செய்த அவர், முதுமையில் எருசலேமைக் காணும் வேட்கையோடு புறப்பட்டு 1140 ஆம் ஆண்டில் எகிப்தை அடைந்தார். மறு ஆண்டு அங்கிருந்து கப்பலேறி, அவ்வாண்டிலேயே மறைந்தார். எகிப்தில் அவரை வரவேற்று உபசரித்த உற்ற நண்பர் ஹல்ஃபோன் பின் நெத்தனேல் யார் என்று எண்ணுகிறீர்கள்? அவரும் இந்தியாவுக்குப் போய்வந்த ஒரு வணிகரே. நம் மேற்குக் கரையின் சரக்கில் கிடைத்த பொருள், ஒரு மகாகவியை உபசரிக்கவும் பயன்பட்டது என்றால் அது மிகையாகாது.

அக்கடல் கொடுத்தது போலவே எடுத்துக்கொண்டதும் உண்டு. 1204 ஆம் ஆண்டில் மறைந்த மைமோனிடிஸ், இடைக்கால யூத அறிஞருள் தலையாயவர். மறையாசான், மெய்யியலார், மருத்துவர். அவர் கவலையின்றிக் கற்பதற்காக, வாணிபம் செய்து குடும்பத்தைத் தாங்கியவர் இளைய சகோதரர் தாவீது. இந்தியாவுக்குப் புறப்பட்ட தாவீது, செங்கடல் துறை ஒன்றிலிருந்து அண்ணனுக்குத் தைரியம் கூறி ஒரு கடிதம் எழுதினார். பின்னர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். செய்தி கேட்ட மைமோனிடிஸ் ஏறக்குறைய ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். தம்பியின் கையெழுத்தைக் காணும்போதெல்லாம் தம் துயரம் மீண்டும் எழுவதாக அவரே பல ஆண்டுகளுக்குப் பின் எழுதியிருக்கிறார். தம்பியின் அக்கடிதம் இன்றும் இருக்கிறது.

இவையெல்லாம் எப்படி இன்றுவரை அழியாமல் இருக்கின்றன? இக்கேள்விதான் நம்மை மிகவும் தைத்தது. பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் பென் எஸ்ரா ஜெப ஆலயம் என்று ஒன்று உண்டு. இறைவன் திருப்பெயர் எழுதப்பட்ட தாளை எரிக்கவோ கிழித்தெறியவோ கூடாது என்பது யூதர் வழக்கம். அத்தகைய தாள்களை ஆலயத்து அறை ஒன்றில் இட்டு வைப்பர். அவ்வறைக்கு ‘கெனிசா’ என்று பெயர். ஃபுஸ்தாத்து மக்கள் மறைநூல் ஏடுகளோடு நிற்கவில்லை. கடிதம், பற்றுச்சீட்டு, திருமணப் பத்திரம், கடைக்கணக்கு, சீர்வரிசைப் பட்டியல் எனத் தம் எழுத்தில் அமைந்த யாவற்றையும் அதில் இட்டனர். பல நூற்றாண்டுகள் இவ்வாறு நிறைந்த அறையை 1896, 1897 ஆம் ஆண்டுகளில் அறிஞர் சாலமன் ஷெக்டர் ஆராய்ந்து, பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். அங்குள்ள துண்டுகள் மட்டும் 1,90,000க்கு மேல். யெகூதா ஹலேவி தம் கைப்பட எழுதிய கடிதங்களும், மைமோனிடிஸ் தம் கைப்பட எழுதிய ஏடுகளும், பென் யிஜுவின் மிளகுக் கணக்கும் அந்த ஒரே குவியலில் கிடந்தன. இந்திய வாணிபம் பற்றிய தாள்களை அதிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்வதில் கோய்ட்டீன் என்னும் பேரறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர் 1985 ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய நூலை மொர்தகாய் ஃப்ரீட்மன் நிறைவு செய்து 2008 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

தாளைத் தெய்வமாக மதிக்கும் வழக்கம் நமக்கும் இல்லாததன்று. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சரசுவதி பூசையன்று ஏடுகளை அடுக்கிச் சந்தனம் இடுகிறோம். அவ்வாறு வணங்கும் நாமே செய்த ஒரு காரியத்தை இங்கே கூறாமல் இருக்க இயலவில்லை.

நம் தந்தையார் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்நகருக்கு வந்து கொத்தனார் வேலை செய்தவர். அன்னையும் நாமும் ஊரிலேயே இருந்தோம். வாரம் ஒன்றோ இரண்டோ நீல நிற உள்நாட்டுக் கடிதம் வரும். அன்னைக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆகவே நாம்தான் படித்துக் காட்டவேண்டும். நான்காம் வகுப்பு மாணவன் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிக்க, அன்னை முறத்தில் அரிசியைப் புடைத்தபடி கேட்பார். படித்து முடித்ததும் கடிதத்தை வாங்கி மடித்து, தகரப் பெட்டியில் வைப்பார். தம்மால் படிக்க முடியாத கடிதங்களை அவர் ஏன் அத்தனை ஆண்டுகள் பாதுகாத்தார் என்று நாம் கேட்டதில்லை.

தந்தையார் மறைந்தபின் அன்னையை இங்கே அழைத்து வந்தோம். தகரப் பெட்டியும் உடன் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியபோது, புதிய வீட்டில் இடமில்லை என்று பழைய சாமான்களை ஒழித்தோம். பள்ளிப் புத்தகம், நாளிதழ், நாட்காட்டி இவற்றோடு அப்பெட்டியில் இருந்த கடிதங்களையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். கிலோ பத்து ரூபாய். நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் இருந்திருக்கும். எடை ஒரு கிலோவைத் தாண்டியிராது. பார்சலில் பிறர் அனுப்பும் ஓர் உடைந்த நாற்காலிக்குக்கூடப் பதிவேட்டில் வரி எழுதிக் கையொப்பம் வாங்கும் நாம், நம் தந்தையின் கையெழுத்தை எந்தப் பதிவும் இன்றி அனுப்பிவிட்டோம்.

பத்து நாள் கழித்து அன்னை கேட்டார்: “ஏம்ப்பா, அப்பா போட்ட கடுதாசியெல்லாம் எங்கே?”

நாம் உண்மையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “சரி விடு, யாரு படிக்கப் போறா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்போம்.

அவர் வாயில் வந்த அந்தக் கேள்வி நம் வீட்டுக்கு மிகவும் பொருந்தும். அன்னைக்குப் படிக்கத் தெரியாது. நம் இல்லத்தரசி ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் படித்தது கன்னடப் பள்ளியில். ஐந்தாம் வகுப்பில் பயிலும் நம் மகள் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் எழுதுவாள். தமிழ் அவளுக்குக் காதால் வந்த மொழி, கண்ணால் வந்ததன்று. நான்கு பேர் தமிழ் பேசும் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரே. அவர் கண் மூடினால் அவ்வீட்டுத் தமிழ்க் கடிதம் வெறும் நீலத் தாள்தான்.

மளிகைக் கடைக்குப் பட்டியல் எழுதும்போது இல்லத்தரசி தமிழ்ச் சொற்களைக் கன்னட எழுத்தில் எழுதுவார். இன்றைய கன்னட நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. ஆகவே வாழைப்பழம் ‘வாளைப்பளம்’ ஆகிவிடும். இதற்காக அவரை நாம் பலமுறை கேலி செய்ததுண்டு, கடிந்ததும் உண்டு. பென் யிஜுவைப் படித்தபின் அந்தக் கேலி நின்றது. ஏனெனில் அவரும் அவர் காலத்து வணிகர்களும் வீட்டிலும் கடையிலும் பேசியது அரபு மொழி. அதை அவர்கள் எழுதியது எபிரேய எழுத்தில்! எபிரேயத்தில் இல்லாத அரபு ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்தின்மேல் ஒரு புள்ளி வைத்துச் சமாளித்தனர். பேச்சு ஊரோடு ஒத்தது. எழுத்து முன்னோரோடு ஒத்தது. இல்லத்தரசி செய்தது அதன் மறுதலை. பேச்சை முன்னோரிடமும் எழுத்தை ஊரிடமும் பெற்றுக்கொண்டார். அதில் இகழ்வதற்கு என்ன இருக்கிறது? ளகரத்தின்மேல் ஒரு புள்ளி வைத்து ழகரமாகக் கொள்ளலாமே என்று அவரிடம் சொன்னோம். இப்போது நம் வீட்டுப் பட்டியலில் வாழைப்பழம் வாழைப்பழமாகவே இருக்கிறது.

எனினும் அவ்வளவில் மன அமைதி கொள்ளலாகாது என்பதற்கும் யூத அறிஞர் வரலாற்றிலேயே சான்று உண்டு. எகிப்தில் பிறந்து, பாபிலோன் நாட்டுச் சூரா கல்விக்கழகத்தின் தலைவராக உயர்ந்த சாதியா என்பவர் 10 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். தம் மக்கள் அயல்மொழிகளில் பழகித் தம் மொழியின் அழகை மறந்து வருவது கண்டு வருந்தி, சுமார் 20 வயதில் ஒரு சொல்லகராதி தொகுத்தார். செய்யுள் இயற்றுவோர்க்கு உதவும்படி முதலெழுத்து வரிசை ஒன்று, இயைபுக்கென ஈற்றெழுத்து வரிசை ஒன்று என இரண்டாகத் தொகுத்த நூல் அது. நம் வீரமாமுனிவர் 1732 ஆம் ஆண்டில் தொகுத்த சதுரகராதியில் தொடைக்கென ஒரு பகுதி அமைத்ததை இது நினைவூட்டும். அதே சாதியா, மக்களுக்கு விளங்கும் பொருட்டு மறைநூலை அரபு மொழியில் பெயர்த்தும் கொடுத்தார். ஊர்மொழியை அவர் பகைக்கவில்லை. தாய்மொழிக்கு உழைப்பதையும் விடவில்லை. கன்னட நாட்டின் சோற்றை உண்டு வாழும் நமக்கு இதனினும் நல்ல வழிகாட்டி வேண்டுமோ?

பென் யிஜுவின் பிற்காலத்தையும் கூறிவிடவேண்டும். 1149 ஆம் ஆண்டு அவர் மக்களோடும் பொருளோடும் இந்தியாவை விட்டு ஏடனுக்குத் திரும்பினார். சகோதரர்களுக்கு ஆவலோடு கடிதம் எழுதினார். தம்மிடம் அனைவரும் வாழப் போதிய பொருள் உண்டு, வந்து சேருங்கள் என்பதே அதன் சாரம். ஆனால் அவர் நினைவில் வைத்திருந்த ஊர் அப்போது இல்லை. 1148 ஆம் ஆண்டில் மஹ்தியா சிசிலி நாட்டு நார்மானியர் கையில் வீழ்ந்துவிட்டது. குடும்பத்தார் சிசிலியில் சிதறிக் கிடந்தனர். உதவிக்கு வந்த சகோதரர் ஒருவரே அவருடைய பொருளில் 1,000 தினார் அளவுக்கு வஞ்சித்து எடுத்துக்கொண்டார். மங்களூரிலிருந்து அழைத்து வந்த மகன் சுரூர் ஏடனில் இறந்தான். எஞ்சியவள் மகள் ஒருத்தி. ஏடனில் வசதி மிக்க வணிகர் குடும்பம் அவளைக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. சிசிலியில் வறுமையில் வாடிய தம் சகோதரரின் மகன் நன்கு கற்றவன் என்று கேள்வியுற்று, அவனையே வரவழைக்கக் கடிதம் எழுதினார். 1156 ஆம் ஆண்டில் ஃபுஸ்தாத்தில் சித்தல்தாருக்கும் பெராகியா என்னும் அம்மைந்தனுக்கும் திருமணம் நடந்தது. மருமகன் பின்னாளில் ஓர் ஊரின் சமய நீதிபதியாக விளங்கினார்.

வெளியூரில் பொருள் ஈட்டி, ‘ஒரு நாள் ஊருக்குத் திரும்பிவிடுவோம்’ என்று சொல்லிச் சொல்லியே காலம் கழிக்கும் நம்மவர் யாரும் இவ்வரலாற்றைக் கண் கலங்காமல் படிக்க இயலாது. ஊர் நமக்காகக் காத்திராது. பொருளைச் சகோதரரும் கொண்டுபோவர். பிள்ளையைக் காலன் கொண்டுபோவான். பென் யிஜுவுக்கு மிஞ்சியது ஒரு மகளும், அவளுக்குத் தேடிய கல்வியுள்ள கணவனும், மங்களூரிலிருந்து கடல் கடந்து சுமந்து வந்த பழந்தாள்களுமே. ஆஷு ஊரைவிட்டு உடன் சென்றாளா என்று அத்தாள்கள் சொல்லவில்லை. சொன்ன அளவுக்கு அவற்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதைப் படித்து முடித்த வாரம், வீட்டில் வெள்ளை அடிப்பதற்காக முருகன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். கண்ணாடிக்குப் பின்னால் அட்டை தளர்ந்திருந்தது. அட்டைக்கும் படத்துக்கும் நடுவே, மடித்துச் செருகிய நீலத் தாள் ஒன்று இருந்தது. தந்தையார் 1998 ஆம் ஆண்டு தை மாதம் எழுதிய கடிதம். ஊரில் அப்படத்துக்குச் சட்டம் போட்டபோது யாரோ அணையாக வைத்திருக்க வேண்டும். பணவிடை அனுப்பிய செய்தி, கன்றுக்குட்டியைப் பற்றிய விசாரிப்பு, பொங்கலுக்கு வரமுடியாது போனதற்கு ஒரு வருத்தம். இவ்வளவே கடிதம். முகவரிப் பக்கத்தின் ஓரத்தில், எப்போதோ எழுதத் தொடங்கி அடித்துவிட்ட ஒரு கணக்கு: அரிசி, மண்ணெண்ணெய், அறை வாடகை. தாளை வீணாக்காத மனிதர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கின்றனர்!

அன்னை அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, இது தாத்தா எழுதினதா? எனக்குப் படிக்க வரலையே” என்றாள். நாம் படித்துக் காட்டவில்லை. “நீயே ஆயாவுக்குப் படித்துக் காட்டு, அவசரம் இல்லை” என்றோம். மறு ஞாயிறே நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் அவளைச் சேர்த்தோம். இல்லத்தரசியும் கூடவே சென்று கடைசிப் பலகையில் அமர்ந்துகொண்டார்.

ஏழு மாதங்கள் ஆயின. சென்ற மாதம் ஒரு மாலை மகள் கடிதத்தை எடுத்து வந்து, ஆயாவின் பக்கத்தில் அமர்ந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். தந்தையார் மூன்றாம் வகுப்புவரை கற்றவர். லகர ளகர வேறுபாடு அவருக்கு வராது. கடைசி வரியில் அவள் நின்றாள். “தம்பியைத் தவறாமல் பல்லிக்கு அனுப்பு” என்று படித்துவிட்டு, “ஆயா, பல்லிக்கு எதுக்கு அப்பாவை அனுப்பணும்?” என்று கேட்டாள்.

அன்னை சிரித்தார். “உங்கப்பனும் இதே இடத்திலே நின்னு இதையேதான் கேட்டான்” என்றார். நமக்கு அது நினைவில் இல்லை. அவருக்கு இருந்தது. படிக்கத் தெரியாத அவர் அக்கடிதத்தை ஆண்டுகள் கடந்தும் மனப்பாடமாக வைத்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம். எடைக்குப் போனவற்றில் இன்னும் எவை எவை அவர் நெஞ்சில் இருக்கின்றனவோ! ஞாயிறுதோறும் மாலையில் இப்போது அவரைச் சொல்லச் செய்கிறோம். மகள் எழுதுகிறாள். பிழைகள் பல உள. திருத்துவது அவள் அன்னையின் பொறுப்பு. பழைய பார்சல் படிவங்கள் வீட்டில் சில இருந்தன. அவற்றின் பின்புறம் வெற்றாக இருப்பதால் எழுதுவதற்கு அவையே போதும்.